பாஸ்டில் கோட்டையும் செஞ்சிக் கோட்டையும்

பிரான்ஸ் தேசத்து ஜனங்கள் ராஜாவை எதிர்த்து எழுந்தது ஏன்?

செஞ்சி வட்டாரத்தில் மேல்சித்தாமூர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. தமிழ்ச் சமணர்களின் மடம் உள்ள ஊர் அது. எறும்புக்கும் தீங்கு செய்யாதே என்று போதிக்கும் மடம். அந்த ஊரிலிருந்து புறப்பட்டுச் செஞ்சியை நெருங்கினால் பாறை பாறையாக அடுக்கி வைத்தது போன்ற மலைகள் கண்ணில் படும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் மதில் சுவர்கள் வளைத்துக்கொண்டு நிற்கின்றன.

செஞ்சிக் கோட்டை என்றதும் நமக்கு யார் நினைவு வருகிறது? தேசிங்கு ராஜன்தான். ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்து நின்று 1714-ல் மடிந்த இளைஞன். அவன் கதையைக் கேட்காத பிள்ளைகள் இந்தப் பக்கத்தில் இல்லை.

ஆனால் இந்தக் கோட்டைக்கு இன்னொரு கதையும் உண்டு. அது பலருக்குத் தெரியாது. பத்து வருஷத்துக்கு மேல் இந்தக் கோட்டையின் மேல் பிரான்ஸ் ராஜாவின் கொடி பறந்தது! அந்தக் கொடியைப் பறக்கவிட ஆன செலவும், பிறகு நடந்த யுத்தங்களின் செலவும் வட்டிமேல் வட்டியாக ஏறின. கடைசியில் அந்த ராஜ வம்சமே கவிழ்ந்தது. உலகத்தையே அதிர வைத்த பிரெஞ்சுப் புரட்சியின் வேர்களில் ஒரு சிறு வேர், நம்முடைய செஞ்சி மண்ணிலும் இருக்கிறது.

அது எப்படி என்று பார்ப்போம்.

ஓர் இரவில் விழுந்த கோட்டை

1750-ம் வருஷம் செப்டம்பர் மாதம். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னராக இருந்தவர் டூப்ளே. அவருடைய தளபதிகளில் ஒருவர் புஸ்ஸி. செஞ்சிக் கோட்டையை யாராலும் எளிதில் பிடிக்க முடியாது என்று எல்லாரும் நம்பிய காலம். ராஜகிரி உச்சிக்குப் போக வேண்டுமானால் ஆழமான ஒரு பிளவைப் பாலத்தின் வழியாகத் தாண்ட வேண்டும். பாலத்தை எடுத்துவிட்டால் ஒரு சிலரே நின்று ஒரு படையைத் தடுத்துவிடலாம்.

புஸ்ஸி பகலில் கோட்டைக்கு வெளியே இருந்த படையைத் தோற்கடித்தார். இரவானதும் வெடிமருந்து வைத்து வாசலைத் தகர்த்தார். இருட்டில் அவருடைய சிப்பாய்கள் மலைமேல் ஏறினார்கள். மறுநாள் பொழுது விடிந்தபோது செஞ்சி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது.

டூப்ளே போட்ட கணக்கு என்ன தெரியுமா? இந்த நாட்டில் பிடிக்கும் ஊர்களின் நிலவரியைக் கொண்டே படைக்குச் சம்பளம் கொடுத்துவிடலாம், பிரான்ஸிலிருந்து பணம் வர வேண்டியதில்லை என்பதுதான். கணக்கு பொய்த்தது. படைகள் மிதித்த வயலில் என்ன விளையும்? விளையாத நிலத்தில் என்ன வரி கிடைக்கும்? குடியானவன் ஊரைவிட்டு ஓடினான். செலவு பிரான்ஸின் தலையில் விழுந்தது. 1754-ல் டூப்ளேயைத் திருப்பி அழைத்துவிட்டார்கள். அவர் 1763-ல் பாரிஸில் கடன்காரராகவே காலமானார்.

பிறகு லாலி என்ற தளபதி 1758-ல் வந்தார். 1760 ஜனவரி 22-ந் தேதி வந்தவாசியில் இங்கிலீஷ்காரரிடம் தோற்றார். மறு வருஷம் ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. ஏப்ரல் 5-ந் தேதி செஞ்சியும் விழுந்தது. இங்கிலீஷ்காரர் புதுச்சேரி நகரத்தையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

பாஸ்டிலில் அடைபட்ட தமிழ்நாட்டுத் தளபதிகள்

இனி பாரிஸுக்குப் போவோம். அந்த நகரத்தில் பாஸ்டில் என்று ஒரு பழைய கோட்டை இருந்தது. எட்டுக் கோபுரங்கள், சுற்றிலும் அகழி, தூக்குப் பாலம். கோட்டையாகக் கட்டிய அதைப் பிற்காலத்து ராஜாக்கள் சிறையாக்கிவிட்டார்கள். ராஜாவின் முத்திரை போட்ட ஒரு கடிதம் போதும். விசாரணை வேண்டாம், சாட்சி வேண்டாம். யாரை வேண்டுமானாலும் உள்ளே தள்ளலாம். எப்போது விடுவார்கள் என்பது ராஜாவுக்குத்தான் தெரியும்.

தமிழ்நாட்டில் யுத்தம் செய்த இரண்டு பிரெஞ்சுத் தளபதிகள் அந்தச் சிறையில் கிடந்தார்கள்.

முதலாமவர் லா பூர்தொனே. 1746-ல் இங்கிலீஷ்காரரிடமிருந்து சென்னைப் பட்டணத்தைப் பிடித்தவர். டூப்ளேயோடு அவருக்குச் சண்டை. ஊருக்குத் திரும்பியதும் 1748-ல் அவரைப் பாஸ்டிலில் போட்டார்கள். மூன்று வருஷத்துக்குப் பிறகு, 1751-ல், குற்றமில்லை என்று விட்டார்கள். உடம்பு நைந்துபோன அவர் 1753-ல் இறந்தார்.

இரண்டாமவர் வந்தவாசியில் தோற்ற லாலி. தோல்விக்கு ஒரு பலியாள் வேண்டியிருந்தது. 1762-ல் பாஸ்டிலில் அடைத்தார்கள். 1766 மே 9-ந் தேதி, பேச முடியாமல் வாயை அடைத்து, நடுச் சந்தியில் தலையை வெட்டினார்கள். பெரிய எழுத்தாளரான வால்டேர் இது அநியாயம் என்று எழுதினார். 1778-ல்தான் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார்கள். தலை போன பிறகு தீர்ப்பு மாறி என்ன பயன்?

தன் தகப்பனார் பெயரைக் காப்பாற்றுவதற்காக லாலியின் மகன் வருஷக்கணக்கில் போராடினான். அந்த மகனைப் பின்னால் மறுபடியும் சந்திப்போம்.

வரவு எட்டணா, செலவு பத்தணா

யுத்தங்கள் முடிந்தன. கடன் முடியவில்லை. 1769-ல் பிரெஞ்சுக் கம்பெனியின் வியாபார உரிமையை நிறுத்தினார்கள். அதன் பாரமும் சர்க்கார் மேல் ஏறியது. பிறகு அமெரிக்கர்கள் இங்கிலாந்தை எதிர்த்துச் சுதந்திரப் போர் தொடங்கினார்கள். இங்கிலாந்தைப் பழி வாங்க இது நல்ல சமயம் என்று பிரான்ஸ் அவர்களுக்குத் துணை போனது. அந்தச் சண்டை நம் கடலூர்க் கடல் வரை நடந்தது. அதற்கு மட்டும் 100 கோடி லிவருக்கு மேல் செலவு. லிவர் என்பது அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பணம். ஒரு லிவருக்கு 20 சூ.

1788-ம் வருஷத்துக் கணக்கைப் பாருங்கள். சர்க்காருக்கு வரவு சுமார் 50 கோடி லிவர். செலவு சுமார் 63 கோடி. அந்தச் செலவில் பாதி, பழைய கடனுக்கும் வட்டிக்கும் போனது. ராஜா ராணியின் அரண்மனைச் செலவு சுமார் மூன்றரைக் கோடி. நூற்றுக்கு ஆறு பங்குதான்.

ராணியின் பட்டுப் புடவையும் வைர மாலையும்தான் பிரான்ஸை ஓட்டாண்டியாக்கின என்று சொல்வார்கள். கணக்கைப் பார்த்தால் அது சரியில்லை. அரண்மனையை அடியோடு மூடியிருந்தாலும் கடன் தீர்ந்திருக்காது. பீரங்கிச் செலவுதான் நாட்டைத் தின்றது. ஆனால் பசித்தவன் கண்ணுக்குப் பீரங்கிக் கணக்கு தெரியாது. விளக்கு எரியும் அரண்மனைதான் தெரியும்.

இந்தச் சமயத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. மைசூர் திப்பு சுல்தான் மூன்று தூதர்களைப் பிரான்ஸுக்கு அனுப்பினார். அவர்கள் 1787-ல் புதுச்சேரியில் கப்பல் ஏறினார்கள். 1788 ஆகஸ்டு 10-ந் தேதி, வெர்சேல்ஸ் அரண்மனையில் 16-ம் லூயி மன்னர் அவர்களுக்குத் தடபுடலாகத் தர்பார் நடத்தினார். இங்கிலீஷ்காரரை விரட்டப் படை உதவி வேண்டும் என்று தூதர்கள் கேட்டார்கள். அன்பான பேச்சு கிடைத்தது. பீங்கான் சாமான்கள் கிடைத்தன. படை மட்டும் கிடைக்கவில்லை.

ஏன்? தர்பார் நடந்த ஆறாம் நாள், ஆகஸ்டு 16-ந் தேதி, கடன்காரர்களுக்கு முழுப் பணத்தையும் ரொக்கமாகக் கொடுக்க முடியாது என்று பிரெஞ்சு சர்க்கார் கையை விரித்துவிட்டது! வீட்டில் அரிசி இல்லாதவன் விருந்தாளிக்குச் சந்தனமும் பன்னீரும் கொடுத்த கதைதான்.

பாரம் சுமந்தவன் யார்?

கடனை அடைக்க வரி வேண்டும். வரியை யார் கொடுப்பது? இங்கேதான் புரட்சியின் உண்மையான காரணம் இருக்கிறது.

பிரான்ஸில் அப்போது சுமார் இரண்டே முக்கால் கோடி ஜனங்கள். அவர்களை மூன்று வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். பாதிரிமார் முதல் வகுப்பு. பிரபுக்கள் இரண்டாம் வகுப்பு. மற்ற எல்லாரும் மூன்றாம் வகுப்பு. முதல் இரண்டு வகுப்பையும் சேர்த்தால் நூற்றுக்கு இரண்டு பேர் கூடத் தேறமாட்டார்கள். ஆனால் நல்ல நிலத்தில் பெரும் பங்கு அவர்களிடம். முக்கியமான வரிகளிலிருந்து அவர்களுக்கு விலக்கு. குடியானவனுக்கு?

ராஜாவுக்கு நிலவரி கொடுக்க வேண்டும். கோயில் பாதிரியாருக்கு விளைச்சலில் ஒரு பங்கு அளக்க வேண்டும். பிரபுவுக்குக் குத்தகைப் பணம் கட்ட வேண்டும். பிரபுவின் ஆலையில்தான் மாவு அரைக்க வேண்டும். பிரபுவின் அடுப்பில்தான் ரொட்டி சுட வேண்டும். அதற்கும் கூலி. ராஜ பாட்டை போட வருஷத்தில் சில நாள் சம்பளமில்லாமல் வெட்டி வேலை செய்ய வேண்டும். பிரபு வளர்க்கும் புறாக்கள் கூட்டமாக வந்து விதைத்த தானியத்தைத் தின்னும். அவற்றைக் கல்லால் அடித்தால் தண்டனை!

உப்பு வரி இன்னும் கொடுமை. பல மாகாணங்களில், எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் இத்தனை உப்பு என்று கணக்குப் போட்டு, சர்க்கார் விலைக்கு வாங்கியே தீர வேண்டும். தேவையில்லை என்று சொல்ல முடியாது. பக்கத்து மாகாணத்தில் உப்பு மலிவு. அங்கிருந்து மறைத்துக் கொண்டுவந்தால் சிறை. நம் நாட்டில் 1930-ல் காந்திஜி தண்டிக்கு நடந்ததும், ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்ததும் உப்புக்காகத்தானே? ஏழையின் கஞ்சியில் கை வைக்கும் வரி எந்தத் தேசத்திலும் சும்மா போனதில்லை.

மூன்றாம் வகுப்பில் குடியானவர் மட்டும் இல்லை. வக்கீல்கள், வைத்தியர்கள், வியாபாரிகள், பட்டறைக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். அவர்களிடம் படிப்பு இருந்தது. பணமும் இருந்தது. மதிப்புதான் இல்லை. எவ்வளவு கெட்டிக்காரனானாலும் பட்டாளத்தில் பெரிய அதிகாரியாக வேண்டுமானால் பிரபு வீட்டில் பிறந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ராஜா இல்லாமலே ஒரு நாடு நடக்கிறதே என்ற செய்தியும் அவர்கள் காதில் விழுந்துகொண்டிருந்தது.

ரொட்டி விலை ஏறியது

1788 ஜூலை 13-ந் தேதி, அறுவடைக்கு முன்னால், கூழாங்கல் போன்ற ஆலங்கட்டி மழை பெய்து பயிரை அழித்தது. அதன் பின் வந்த குளிர்காலம் மிகக் கொடியது. ஆறுகள் உறைந்தன. மாவரைக்கும் ஆலைகள் நின்றன.

பாரிஸில் நாலு பவுண்டு ரொட்டி சாதாரணமாக எட்டு ஒன்பது சூ விற்கும். 1789-ல் அது பதினாலரை சூ ஆனது. ஒரு கூலிக்காரனுக்கு நாளெல்லாம் உழைத்தால் 20 முதல் 30 சூ. நாலு பேர் உள்ள குடும்பத்தில் ஒரு நாளைக்கு ஒரு ரொட்டியாவது வேண்டும். கூலியில் பாதிக்கு மேல் ரொட்டிக்கே போய்விட்டால், குடிக்கூலிக்கு என்ன மிச்சம்? விறகுக்கு என்ன மிச்சம்? வேலையும் குறைந்தது. ரொட்டிக் கடை வாசலில் பெண்கள் விடியுமுன்பே வரிசை நின்றார்கள்.

"ரொட்டி இல்லாவிட்டால் கேக் தின்னட்டுமே" என்று ராணி மேரி அன்டாய்னெட் சொன்னதாக ஒரு கதை உண்டு. அவர் சொன்னார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அவர் சின்னப் பெண்ணாக ஆஸ்திரியாவில் இருந்த காலத்திலேயே வேறொரு ராஜகுமாரியின் பேரில் இப்படி ஒரு கதை எழுதப்பட்டுவிட்டது. ஆனாலும் ஜனங்கள் நம்பினார்கள். வயிறு எரிகிறபோது காதில் விழுவதெல்லாம் உண்மையாகத்தான் தோன்றும்.

175 வருஷத்துக்குப் பிறகு கூடிய சபை

வேறு வழியில்லாமல் ராஜா மூன்று வகுப்பின் பிரதிநிதிகளையும் சபைக்கு அழைத்தார். அப்படி ஒரு சபை கடைசியாகக் கூடியது 1614-ல்! அதற்குள் 175 வருஷங்கள் ஓடிவிட்டன.

சபை கூடுவதற்கு முன்னால், ஊர் ஊராக ஜனங்கள் தங்கள் குறைகளை எழுதி அனுப்பலாம் என்று உத்தரவானது. எழுதத் தெரியாத குடியானவர்களும் எழுதத் தெரிந்தவரைச் சுற்றி உட்கார்ந்து சொன்னார்கள். "உப்பு வரியை எடுங்கள். புறாவை அடக்குங்கள். எல்லாரும் வரி கொடுக்கட்டும்." இப்படி ஆயிரக்கணக்கான மனுக்கள். தன் குறையைக் காகிதத்தில் பார்த்த ஜனங்களுக்கு, அது தீரும் என்ற நம்பிக்கையும் வந்துவிட்டது. நம்பிக்கை கொடுத்துவிட்டு ஏமாற்றுவதைப் போல ஆபத்தான காரியம் வேறில்லை.

1789 மே 5-ந் தேதி வெர்சேல்ஸில் சபை கூடியது. சுமார் 1,200 பேர். அதில் பாதிப்பேர் மூன்றாம் வகுப்பு. ஆனால் ஓட்டு எப்படி? வகுப்புக்கு ஒரு ஓட்டு என்றார்கள். முதல் இரண்டு வகுப்பும் ஒரு பக்கம் சேர்ந்தால் இரண்டுக்கு ஒன்று. 98 பேருக்காக வந்தவர்கள் இரண்டு பேருக்காக வந்தவர்களிடம் எப்போதும் தோற்க வேண்டியதுதான்!

ஆறு வாரம் இதே தகராறு. ஜூன் 17-ந் தேதி மூன்றாம் வகுப்பார், "நாங்களே தேசிய சபை" என்று அறிவித்தார்கள். 20-ந் தேதி காலையில் வந்து பார்த்தால் மண்டபம் பூட்டியிருந்தது. வெளியே சிப்பாய் காவல். மழை வேறு. பக்கத்தில் பந்தாடும் கூடம் ஒன்று இருந்தது. அதில் புகுந்தார்கள். நாட்டுக்கு ஒரு சட்டதிட்டம் செய்யாமல் கலைவதில்லை என்று கை உயர்த்திச் சத்தியம் செய்தார்கள்.

ஜூன் 25-ந் தேதி 47 பிரபுக்கள் தங்கள் வகுப்பை விட்டு விலகி இவர்களோடு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் யார் தெரியுமா? லாலியின் மகன்! வந்தவாசியில் தோற்றதற்காகத் தகப்பனார் தலையை எந்த ராஜ்யம் வெட்டியதோ, அந்த ராஜ்யத்தைத் திருத்தும் சபையில் மகன் வந்து உட்கார்ந்தார்.

ஜூலை 14

ராஜா சரி என்று சொன்னார். ஆனால் பாரிஸைச் சுற்றிப் பட்டாளம் சேர்த்தார். பல படைகள் வெளிநாட்டுக் கூலிப் படைகள். ஜூலை 11-ந் தேதி, ஜனங்களுக்குப் பிடித்த மந்திரி நெக்கரை விலக்கினார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை செய்தி பாரிஸுக்கு எட்டியது. பட்டாளம் வந்து நம்மைச் சுடப் போகிறது என்று நகரமே பதறியது. வரி வசூலித்த சுங்கச் சாவடிகள் தீப்பற்றி எரிந்தன.

14-ந் தேதி காலை. ஜனங்கள் முதலில் ஒரு படைமனைக்குள் புகுந்தார்கள். சுமார் 30 ஆயிரம் துப்பாக்கிகள் கிடைத்தன. துப்பாக்கி இருந்து என்ன? மருந்து வேண்டுமே! மருந்துப் பீப்பாய்கள் எங்கே? பாஸ்டிலில்!

கோட்டைக்குள் 82 வயோதிகச் சிப்பாய்களும் 32 ஸ்விஸ் சிப்பாய்களும் இருந்தார்கள். தலைவர் தெ லோனே. வெளியே தச்சர், பூட்டுக்காரர், செருப்புத் தைப்பவர், மதுக்கடைக்காரர் எனச் சுமார் ஆயிரம் பேர். பேச்சு நடந்தது. பாலத்தின் சங்கிலியை யாரோ வெட்டினார்கள். பாலம் விழுந்தது. உள்ளிருந்து குண்டுகள் பாய்ந்தன. மத்தியானத்துக்கு மேல், ராஜாவின் சொந்தக் காவல் படையிலிருந்தே சில சிப்பாய்கள் ஜனங்கள் பக்கம் சேர்ந்து பீரங்கியை இழுத்து வந்தார்கள். மாலை ஐந்து மணிக்குக் கோட்டை பணிந்தது.

ஜனங்கள் பக்கத்தில் செத்தவர்கள் 98 பேர். கோபம் கண்ணை மறைத்தது. சரணடைந்த தெ லோனேயை வழியிலேயே கொன்று, தலையை ஈட்டியில் குத்தித் தெருத் தெருவாக எடுத்துப் போனார்கள். அநியாயத்தை எதிர்த்து எழுந்த கை அன்றைக்கே அநியாயமும் செய்தது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சிறையில் இருந்த கைதிகள் எத்தனை பேர்? ஏழே ஏழு பேர்! ஆனால் அந்தக் கோட்டை ஏழு பேரின் சிறை மட்டுமா? ஒரு கடிதத்தால் யாரையும் விழுங்கும் வாய் அது. அந்த வாயை மூடியதால்தான் இன்றும் ஜூலை 14 பிரான்ஸில் தேசியத் திருநாள்.

மூன்றாம் நாள் ராஜாவே பாரிஸுக்கு வந்தார். ஜனங்கள் கொடுத்த மூவர்ணப் பூச்சின்னத்தைத் தொப்பியில் குத்திக்கொண்டார்.

ஊருக்கு ஊர் பரவியது

கிராமங்களில் ஒரு பீதி கிளம்பியது. பயிரை அழிக்கக் கொள்ளைக்காரரைப் பிரபுக்கள் அனுப்புகிறார்கள் என்ற வதந்தி. குடியானவர்கள் கோடரியும் அரிவாளும் எடுத்துப் பிரபுக்களின் மாளிகைகளுக்குள் புகுந்தார்கள். அவர்கள் தேடியது பெரும்பாலும் நகையை அல்ல. யார் எவ்வளவு பாக்கி என்று எழுதி வைத்திருந்த பழைய ஓலைகளைத்தான். அவற்றைக் குவித்துக் கொளுத்தினார்கள்.

ஆகஸ்டு 4-ந் தேதி இரவு. சபையில் பிரபுக்களே ஒருவர் பின் ஒருவராக எழுந்து தங்கள் பழைய உரிமைகளை விட்டுக்கொடுத்தார்கள். 26-ந் தேதி, மனிதர்கள் எல்லாரும் பிறப்பால் உரிமையில் சமம் என்று சபை பிரகடனம் செய்தது.

ரொட்டி மட்டும் வரவில்லை. அக்டோபர் 5-ந் தேதி பாரிஸ் சந்தைப் பெண்கள் பொறுமை இழந்தார்கள். மீன்காரிகள், காய்கறிக்காரிகள், பிள்ளை பெற்ற தாய்மார் என ஆயிரக்கணக்கானோர், கொட்டும் மழையில் சுமார் 20 கிலோமீட்டர் நடந்து வெர்சேல்ஸ் போனார்கள். மறுநாள் ராஜாவையும் ராணியையும் இளவரசனையும் கையோடு பாரிஸுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். ரொட்டிக்காரனும் ரொட்டிக்காரியும் ரொட்டிக்காரப் பையனும் வந்துவிட்டார்கள், இனிப் பசியில்லை என்று சந்தோஷத்தோடு கூவிக்கொண்டே வந்தார்களாம்.

அதன் பிறகு நடந்தது நீண்ட கதை. 1792-ல் முடியாட்சி ஒழிந்தது. 1793 ஜனவரி 21-ந் தேதி ராஜாவின் தலை விழுந்தது. அதே வருஷம் அக்டோபரில் ராணியின் தலையும் விழுந்தது. எத்தனையோ குற்றமற்றவர் தலைகளும் விழுந்தன.

புதுச்சேரித் தமிழர் எழுதிய மனு

இந்தச் செய்தி நம் பக்கத்துக்கு எப்போது வந்தது? அது பாய்மரக் கப்பல் காலம். பாஸ்டில் விழுந்த செய்தி கடல் தாண்டி வந்து சேர மாதக்கணக்கானது. 1790 தொடக்கத்தில்தான் புதுச்சேரிக்கு விஷயம் தெரிந்தது.

புதுச்சேரி அப்போது பயந்து கிடந்தது. செலவைக் குறைக்க வேண்டி, 1789-ல் அங்கிருந்த பட்டாளத்தை எடுத்து மொரீஷியஸ் தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கிலீஷ்காரர் வந்தால் காப்பாற்ற ஆள் இல்லை. அந்த நேரத்தில்தான் ராஜாவின் அதிகாரம் ஒடிந்தது என்ற செய்தி வந்தது. புதுச்சேரி வெள்ளைக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். கமிட்டி அமைத்தார்கள். வங்காளத்துச் சந்திரநாகூரில் பிரெஞ்சுக் குடிகள் தங்கள் அதிகாரியையே விரட்டிவிட்டார்கள்.

எல்லாரும் சமம் என்றார்களே, தமிழர்களைச் சேர்த்துக்கொண்டார்களா? இல்லை. நகரத்தில் மிகப் பெரும்பாலோர் தமிழர். ஆனால் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. பிரான்ஸில் 98 பேருக்கு நேர்ந்த கதிதான் இங்கே தமிழர்களுக்கும்.

அவர்கள் சும்மா இருந்தார்களா? அதுவும் இல்லை. பிரான்ஸின் குடியானவர்கள் எழுதியது போலவே, 1790-ல் புதுச்சேரித் தமிழர்களும் தங்கள் குறைகளை எழுதிப் பாரிஸ் சபைக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் புதுச்சேரியில் வாழ்ந்த இரண்டாம் வீராநாயக்கர் 1778 முதல் 1792 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதி வைத்தார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புக்குப் பின் நமக்குக் கிடைத்த செல்வம் அது.

1793-ல் இங்கிலீஷ்காரர் மறுபடியும் புதுச்சேரியைப் பிடித்தார்கள். மனு மனுவாகவே நின்றது. பிரான்ஸில் 1848-ல் இன்னொரு புரட்சி வந்தது. அதன் பிறகுதான் புதுச்சேரி மக்களுக்குப் பாரிஸ் சபைக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பும் ஓட்டுரிமை கிடைத்தது. எல்லாரும் சமம் என்று எழுதியதற்கும், அதில் ஒரு சிறு பங்கு நமக்கு வந்ததற்கும் இடையே ஏறக்குறைய 60 வருஷம்! 1954 நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16-ல் அது சட்டப்படி முழுமையானது.

தூண்கள் சொல்லும் பாடம்

புதுச்சேரிக் கடற்கரைக்குப் போனால் காந்தி சிலையைச் சுற்றி உயரமான கல் தூண்கள் நிற்பதைப் பார்க்கலாம். குழந்தைகள் அவற்றைச் சுற்றி ஓடிப் பிடித்து விளையாடுகின்றன. அந்தத் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. பிரெஞ்சுக்காரர் கொண்டுபோனவை. செஞ்சியின் சொத்தில் எத்தனையோ போய்விட்டன. அதைக் கொண்டுபோன ராஜ்யமும் போய்விட்டது. தூண்கள் நிற்கின்றன.

பாஸ்டில் கோட்டை இன்று இல்லை. கல் கல்லாகப் பிரித்துவிட்டார்கள். செஞ்சிக் கோட்டை இருக்கிறது. அடுத்த முறை பிள்ளைகளோடு அங்கே போனால், தேசிங்கு ராஜன் கதையோடு இந்தக் கதையையும் சொல்லுங்கள். இந்த மலையைப் பிடிக்க ஆன கடன் கடல் தாண்டிப் போய் ஒரு ஏழையின் தலைமேல் வரியாக விழுந்ததைச் சொல்லுங்கள். பாரம் சுமக்கிறவனுக்குப் பேச வாய் கொடுக்காத ராஜ்யம் எவ்வளவு உயரமான மலைமேல் இருந்தாலும் நிலைக்காது என்பதையும் சொல்லுங்கள்.

பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "ரத்தம் சிந்தாமல் இதை முடித்திருக்க முடியாதா?" நல்ல கேள்விதான். அந்த 1,200 பேர் கூடிய முதல் நாளிலேயே, தலைக்கு ஒரு ஓட்டு என்று ராஜா ஒத்துக்கொண்டிருந்தால் கதை வேறு விதமாகப் போயிருக்கலாம். எறும்புக்கும் தீங்கு செய்யாதே என்று சொல்லும் மேல்சித்தாமூர் பக்கத்தில் பிறந்த பிள்ளைகள் அந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?